எய்ம் அசிஸ்ட் வைத்து ஜெயிப்பது ஏமாற்று வேலையா?

கேள்வி: "நான் பிஎஸ்4-இல் கன்ட்ரோலர் வைத்து அபெக்ஸ், கால் ஆஃப் டியூட்டி போன்ற துப்பாக்கி விளையாட்டுகளை ஆடுகிறேன். என் அத்தை மகன் கணினியில் மவுஸ் வைத்து ஆடுகிறான். 'உனக்கு மெஷினே குறி பார்த்துக் கொடுக்குது, நீ ஜெயிக்கிறது கணக்குல வராது' என்கிறான். அவன் சொல்வது சரியா?"

கால்வாசி சரி. அந்தக் கால்வாசி எது என்பது அவனுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் கைப்பேசி, கேம் மெஷின் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வரும் பையன்களும் டவுன் தாமான் (குடியிருப்பு) பையன்களும் எங்கள் கடை வாசலில் வாரம் தவறாமல் போடும் சண்டை இது. தோட்டத்துப் பையன்கள் பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட் பிஎஸ்4, இல்லையென்றால் கைப்பேசி. கேமிங் கணினி வாங்கும் காசில் வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிவிடலாம் என்று அப்பாக்கள் சொல்லும்போது பதில் சொல்ல முடியாது, உண்மைதான்.

எய்ம் அசிஸ்ட் என்பது கன்ட்ரோலரில் ஆடுகிறவருக்குக் குறி பார்க்க விளையாட்டே கொடுக்கும் உதவி. முதலில் அது ஏன் வந்தது என்று பார்ப்போம். மவுஸை இவ்வளவு நகர்த்தினால் குறி இவ்வளவு தள்ளிப் போகும் என்று கைக்குப் பழகிவிடும். கை நின்றால் குறியும் நிற்கும். கன்ட்ரோலர் ஸ்டிக் அப்படி இல்லை, அது மோட்டார் சைக்கிள் ஆக்சிலேட்டர் மாதிரி. எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு வேகத்தில் குறி திரும்பும். எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை, சரியான நொடியில் விரலைத் தளர்த்தி நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மவுஸுக்கு மணிக்கட்டும் முழங்கையும் சேர்ந்து உழைக்கின்றன. இங்கே உழைப்பது ஒற்றைக் கட்டைவிரல், அது அசையும் தூரமோ ஒரு விரற்கடை. உதவியே இல்லாமல் இரண்டையும் மோதவிட்டால் ஸ்டிக்காரன் தேறவே மாட்டான். 1997-இல் நின்டென்டோ 64-இல் வந்த கோல்டன்ஐ விளையாட்டிலேயே ஆட்டோ எய்ம் இருந்தது. 2001-இல் எக்ஸ்பாக்ஸில் வந்த ஹேலோ அதை ஆடுகிறவருக்கே தெரியாத அளவுக்கு நயமாகச் செய்து காட்டியது. அதன்பிறகு கன்சோலில், அதாவது பிஎஸ்4 மாதிரி கேம் மெஷினில், துப்பாக்கி விளையாட்டு என்றாலே இது இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது.

இப்போது அந்தக் கால்வாசிக்கு வருவோம். எய்ம் அசிஸ்ட் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே நடப்பது இரண்டு மூன்று வேறு வேறு வேலைகள். குறி எதிராளியின் மேல் வந்ததும் ஸ்டிக்கின் வேகம் குறைவது ஒன்று. தாண்டிப் போய்விடாமல் பிடித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். ஹேலோ போன்றவற்றில் குறி லேசாகத் தப்பினாலும் குண்டு ஆளின் பக்கம் கொஞ்சம் வளைந்து போகும், அது இன்னொன்று. இந்த இரண்டையும் யாரும் பெரிதாகக் குறை சொல்வதில்லை. சண்டையெல்லாம் ரொட்டேஷனல் என்று சொல்கிறார்களே, குறியைத் தானாகவே திருப்பிக் கொடுப்பது, அதைப் பற்றித்தான்.

அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பழைய கால் ஆஃப் டியூட்டி ஒன்றில் பாட்களோடு (மெஷினே ஆட்டும் ஆட்களோடு) தனி மேட்ச் ஒன்று போடுங்கள். ஒரு பாட்டின் மேல் குறியை வைத்துவிட்டு, வலது கட்டைவிரலை ஸ்டிக்கிலிருந்து முழுசாக எடுத்துவிடுங்கள். இடது ஸ்டிக்கால் மட்டும் பக்கவாட்டில் நடங்கள். நீங்கள் திருப்பவே இல்லை, ஆனாலும் குறி அந்த ஆளோடு ஒட்டியபடி கொஞ்ச தூரம் தானாகத் திரும்பும். கடையில் ஒரு தம்பிக்கு இதைச் செய்து காட்டினேன். "அண்ணே, பேய் புகுந்த மாதிரி இருக்கு" என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டான்.

மவுஸ்காரர்களின் வயிற்றெரிச்சல் இதில்தான். எதிராளி திடீரென்று பக்கம் மாறினால் அதைக் கண் பார்த்து, மூளைக்கு எட்டி, கை அசைய ஏறத்தாழ 200 மில்லிசெகண்ட் ஆகும். எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் இந்தத் தாமதத்தை அடியோடு ஒழிக்க முடியாது. எய்ம் அசிஸ்டுக்குக் கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. எதிராளி நகர்ந்தது கணக்கில் வந்தவுடன் குறியைத் திருப்ப ஆரம்பித்துவிடும். நொடிக்கு 60 பிரேம் ஓடும் விளையாட்டில் ஒரு பிரேம் என்பது 17 மில்லிசெகண்ட்கூட இல்லை. முழுசாகத் திருப்பாது, ஒரு பங்குதான் திருப்பும். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு பேரும் குதித்துக் குதித்துச் சுட்டுக்கொள்ளும்போது அந்த ஒரு பங்கே போதும். தூரத்துச் சண்டையில் கதை தலைகீழ். அங்கே மவுஸ்தான் ராஜா. எதிராளியின் தலை புள்ளியாகத் தெரியும்போது அசிஸ்ட் பெரிதாக உதவாது. ஆகவே உங்கள் அத்தை மகன் பக்கத்தில் வந்து அடிவாங்கிவிட்டுப் புலம்புகிறான் என்றால் நியாயம் இருக்கிறது. மலை மேலிருந்து ஸ்னைப்பரில் உங்களை அடித்துவிட்டு அதே புலம்பலைப் புலம்பினால் காதில் வாங்காதீர்கள்.

நிறுவனங்களுக்கும் இது தெரியாமல் இல்லை. அபெக்ஸில் கன்சோலுக்கு 0.6, கணினியில் கன்ட்ரோலர் மாட்டினால் 0.4 என்று பலத்தைக் குறைத்தே வைத்திருந்தார்கள். அப்படியும் பல வருடம் மவுஸில் ஆடிய இம்பீரியல்ஹால் போன்ற பெரிய ஆட்டக்காரரே கன்ட்ரோலருக்கு மாறினார். 2024-இல் கணினி ஆட்கள் ஆடும் ஆட்டங்களில் அந்தப் பலத்தை இன்னும் 25 சதவீதம் குறைத்தார்கள். ஓவர்வாட்ச் விளையாட்டு 2021-இல் கிராஸ்பிளே (வேறு வேறு மெஷின்காரர்கள் சேர்ந்து ஆடுவது) கொண்டுவந்தபோது, கணினி ஆட்களோடு சேர்ந்து ஆடும் கன்சோல்காரருக்கு எய்ம் அசிஸ்டையே நிறுத்திவிட்டது. வேலரன்ட் விளையாட்டு 2024-இல் கன்சோலுக்கு வந்தபோது கணினியோடு கலக்கவே விடவில்லை. எனக்குப் பிடித்த வழி இந்தக் கடைசி வழிதான். ஒரே எண்ணைக் கூட்டியும் குறைத்தும் இரண்டு கூட்டத்தையும் திருப்திப்படுத்த முடியாது.

ஏமாற்று வேலை என்ற சொல்லை வேறு ஆட்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள். எய்ம் அசிஸ்ட் விளையாட்டுக்குள்ளேயே இருப்பது, ஒரே ஆட்டத்தில் ஒரே வகை மெஷினில் கன்ட்ரோலர் பிடிக்கும் எல்லாருக்கும் ஒரே அளவு. எய்ம்பாட் வெளியிலிருந்து திருட்டுத்தனமாக நுழைக்கும் மென்பொருள். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகம் உண்டு: கன்சோலில் மவுஸை மாட்டி, சின்ன அடாப்டர் ஒன்றால் அதைக் கன்ட்ரோலர் என்று நம்ப வைப்பவர்கள். மவுஸின் துல்லியமும் வேண்டும், கன்ட்ரோலருக்கான உதவியும் வேண்டும். அப்பட்டமான திருட்டு. கன்சோல் ஆன்லைன் ஆட்டத்தில் எய்ம் அசிஸ்டே இல்லாத ரெயின்போ சிக்ஸ் சீஜ்கூட இவர்களைப் பிடிக்க 2023-இல் மவுஸ்டிராப் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அடாப்டர் என்று சந்தேகம் வந்தால் அந்த ஆளின் அசைவுகளைத் தாமதமாக்கிவிடும். நல்ல தண்டனை.

அப்புறம், கடைக்காரனாக ஒன்று சொல்கிறேன். "எய்ம் அசிஸ்ட் வேலை செய்யலண்ணே" என்று கொண்டுவரும் கன்ட்ரோலர்களில் பாதிக்கு மேல் ஸ்டிக் தேய்ந்தவை. பிஎஸ்4 கன்ட்ரோலரைத் திறந்தால் ஒவ்வொரு ஸ்டிக்கின் பக்கத்திலும் இரண்டு சின்னப் பெட்டிகள் இருக்கும். மேல்கீழ் அசைவுக்கு ஒன்று, பக்கவாட்டுக்கு ஒன்று. அதற்குள் இருக்கும் கரிப்பூச்சு நாளடைவில் தேய்ந்து, தொடாமலே குறி நகர ஆரம்பிக்கும். உடனே பையன்கள் செட்டிங்கில் டெட்சோனை, அதாவது ஸ்டிக் எவ்வளவு சாயும் வரை மெஷின் கண்டுகொள்ளாது என்ற அளவை, ஏற்றிவிடுவார்கள். குறி நகர்வது நிற்கும், ஆனால் மெல்லச் சாய்க்கும் அசைவெல்லாம் மெஷினுக்கு எட்டாமல் போய்விடும். நுணுக்கமாகத் திருத்த முடியாத கையை எந்த அசிஸ்டும் காப்பாற்றாது. அந்தப் பெட்டிகளை மாற்றிவிட்டு டெட்சோனைக் குறி நகராத அளவுக்கு மட்டும் வைத்துப் பாருங்கள். டிவியில் ஆடுகிறீர்கள் என்றால் கேம் மோடைப் போட மறக்காதீர்கள். சில டிவிகளில் அது இல்லாமல் நீங்கள் சுட்டது திரையில் தெரியவே நேரம் எடுக்கும்.

உங்கள் அத்தை மகனுக்கு ஒரு யோசனை. ஒரு நாள் அவனுடைய கணினியில் உங்கள் கன்ட்ரோலரை மாட்டிக் கொடுங்கள், அபெக்ஸ் அதை ஏற்றுக்கொள்ளும். முதல் இரண்டு ஆட்டத்தில் சுவரையும் வானத்தையும் சுடுவான். அதன்பிறகும் மெஷின்தான் ஜெயிக்கிறது என்று சொன்னால், தொடர்ந்து கன்ட்ரோலரிலேயே ஆடச் சொல்லுங்கள்.