உங்கள் பொழுதுபோக்கு என்ன? அதனால் உங்கள் பார்வை விரிந்ததா?

கோயில் சுவரில் கல்வெட்டு படிப்பது. கும்பகோணம் பக்கம் இருப்பவனுக்கு இதைவிட மலிவான பொழுதுபோக்கு கிடையாது. பார்வை விரிந்ததா என்றால், விரிந்தது. ஆனால் நான் நினைத்த பக்கம் அல்ல.

ராஜா, படையெடுப்பு, வெற்றி என்றுதான் எல்லாரும் இதில் இறங்குவோம். அதெல்லாம் ராஜாவின் புகழ் பாடும் முன்னுரையான மெய்க்கீர்த்தியோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே பெரும்பாலும் கணக்குதான். இன்ன வதிக்கு (வழிக்கு)க் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, எத்தனையாம் கண்ணாறு (கிளை வாய்க்கால்), எத்தனையாம் சதிரம் (சதுர நிலத் துண்டு) என்று நிலத்துக்கு எல்லை சொல்லிக்கொண்டே போவார்கள். அளவு வேலியிலும் மாவிலும். எங்கள் அப்பா இன்றைக்கும் அப்படித்தான் நிலம் பேசுவார், 20 மா ஒரு வேலி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலோ வேலியில் 320இல் ஒரு பங்கான முந்திரி, அதற்கும் கீழே கீழ்முந்திரி என்று பொடிப்பொடியாக உடைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்கென்றால் ஓடிய நான், இதற்காகவே உட்கார்ந்து அந்தப் பழைய பின்னங்களைப் படித்தேன்.

அதே கல்வெட்டில், வரி வாங்காமல் கழிக்கும் நிலத்தின் பட்டியல் வரும்: ஊர்நத்தம், ஸ்ரீகோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், பறைச்சேரி, கம்மாளர் குடியிருந்த கம்மாணசேரி, சுடுகாடு. ஆயிரம் வருடத்துக்கு முன்னாலேயே சேரி தனியாகத்தான் இருந்திருக்கிறது. மேடையில் யாராவது சோழர் பொற்காலம் என்று ஆரம்பித்தால் எனக்கு இந்த வரிதான் ஞாபகம் வரும். அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமைப்படுவதும் நான்தான், அது வேறு விஷயம்.

விளக்குக் கணக்கும் எனக்குப் பிடித்த ஒன்று. கோயிலில் அணையாமல் ஒரு விளக்கு எரிய 96 ஆடு தானம், பசுவானால் 48, எருமையானால் 16. கால்நடையை இடையர் பொறுப்பில் விட்டால் அவர் தினம் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழட்டு ஆடு செத்தாலும் குட்டி ஈடுகட்டும், முதல் குறையாது, வங்கியில் போட்ட வைப்புநிதி மாதிரி. சரி, நோய் வந்து பாதி மந்தை போனால்? நெய்யை அப்போதும் அளந்தாக வேண்டுமே! தானம் செய்தவர் பெயர் கல்லில் நிற்கிறது, எனக்கு அந்த இடையரைப் பற்றித்தான் யோசனை ஓடும்.

இன்னொன்று தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் பணிக்கான பெண்கள், பட்டியல். திருவாரூர், பழையாறு என்று பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சாவூருக்குக் கொண்டுவரப்பட்ட 400 பெண்கள். தெருவின் எந்தச் சிறகு (பக்கம்), எத்தனையாவது வீடு, பெயர் என்ன என்று ஒவ்வொருவருக்கும் எழுதி, ஆளுக்கு வருடம் 100 கலம் நெல் என்று வைத்திருக்கிறார்கள். வந்ததில் அவர்களுக்கு விருப்பம் இருந்ததா என்று மட்டும் எந்த வரியிலும் இல்லை.

எல்லாமே ராஜா சொன்னபடி நடக்கவும் இல்லை. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் கொறுக்கையில் 1429ஆம் வருடத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. விஜயநகர ஆட்சியில் வரித் தொல்லை தாங்காமல், வலங்கை இடங்கை என்று இரண்டு சாதி அணிகளாக எதிரும் புதிருமாக நின்றவர்கள் ஒன்றுகூடி, இவ்வளவுதான் கொடுப்போம் என்று வெட்டிவைத்தது. அப்புறம் நொபோரு கராஷிமா. திருச்சிக்கு மேற்கே அல்லூர், ஈசானமங்கலம் கல்வெட்டுகளை வைத்து, வேளாளர் ஊரில் நிலம் பொதுவாகவும் பிராமணர் ஊரில் தனித்தனி ஆட்களிடமும் இருந்ததை 1966இல் எழுதிக் காட்டிய ஜப்பானியர். நாம் கும்பிட்டுக் கடந்த சுவர்களை அவர் நின்று படித்தார்.

தொடங்க நினைத்தால் பெரிய கோயிலில் தொடங்குங்கள், எழுத்து பெரிது, தெளிவு. மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, ரகரமும் நெடிலுக்குப் போடும் காலும் ஒரே மாதிரி இருக்கும், நடுநடுவே வடமொழிச் சொல்லுக்கான கிரந்த எழுத்து வரும். கொஞ்ச நாள் தடுமாறத்தான் செய்யும். 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதி இணையத்தில் கிடைக்கிறது, அதைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக ஒப்பிடலாம். காலையில் வெயில் சாய்வாக விழும்போது போங்கள். எழுத்து தெரியவில்லை என்று மாவோ சாக்பீஸோ தேய்க்க வேண்டாம், கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தாலே போதும்.