அந்தச் சங்கிலி அடகுக்குப் போக வேண்டாம், அம்மா

அத்திப்பட்டிலிருந்து சென்ற வாரம் மகளோடு வந்திருந்தீர்கள். தாய்மாமா ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கணினி அறிவியல் இடம் பேசிவிட்டார், முன்பணத்துக்குச் சங்கிலியை அடகு வைக்க வேண்டும் என்றீர்கள். எல்லாம் நல்லபடி நடக்கும் என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். உறவினர்கள் வழக்கமாகச் சொல்லும் மற்றப் படிப்புகளைப் பற்றியும் நான் பேசப்போவதில்லை.

உங்கள் மகள் பையிலிருந்து இரண்டு வில்லைகளை எடுத்து வைத்தாளே, கவனித்தீர்களா? அனல் மின் நிலையச் சாம்பலைத் தீப்பெட்டிக்குள் அடைத்து வார்த்தவை. ஒன்றில் சுண்ணாம்பு கலந்து, ஒரு மாதம் ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறாள். சுண்ணாம்பு சேராதது என் விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. மற்றது எவ்வளவு அழுத்தியும் அசையவில்லை. “ஏன் சார்?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது.

கிண்டி அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில், அண்ணா பல்கலைக்கழகத்தின் பி.டெக். செராமிக் தொழில்நுட்பம். பீங்கான் கோப்பை செய்யும் படிப்பு என்று மாமா நினைப்பார். கண்ணாடி, சிமென்ட், உலைக்குள் வெப்பம் தாங்கும் செங்கல் எல்லாம் இதற்குள் அடக்கம்.

இந்தப் படிப்புக்கு வேலை தரும் ஒரே ஒரு பொருளைச் சொல்கிறேன், நிலக்கரிக் கசடு. நிலக்கரியை முழுக்க எரிக்காமல், குறைந்த ஆக்சிஜனும் நீராவியும் செலுத்தி எரிவாயுவாக மாற்றுகிறார்கள். 2030க்குள் ஆண்டுக்கு 10 கோடி டன் நிலக்கரியை இப்படி மாற்றுவது மத்திய அரசின் இலக்கு. சிலவகை உலைகளில் வெப்பம் 1,300 டிகிரியைத் தாண்டும். அங்கே சாம்பல் பறப்பதில்லை. உருகிச் சுவரில் வழிந்து, கீழே தண்ணீரில் விழுந்து, கறுப்புக் கண்ணாடி மணிகளாகச் சிதறுகிறது. அதுதான் கசடு. சாம்பலிலுள்ள கன உலோகங்கள் பெரும்பாலும் அந்தக் கண்ணாடிக்குள் சிறைப்பட்டுவிடுவதால் தண்ணீரில் எளிதில் கரைந்து வருவதில்லை. சாம்பல் கலந்த கொசஸ்தலை ஆற்றைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இதன் அருமை தெரியும்.

மணலுக்குப் பதிலாகக் கான்கிரீட்டில் இந்தக் கசடைச் சேர்க்கலாம், சாலைக்கு அடியில் பரப்பலாம். கான்கிரீட்டில் சேர்க்கும் இந்தக் கசடுக்கு ஜப்பான் 2020இல் தரநிலையே வகுத்துவிட்டது. மாவாக அரைத்தால் சுண்ணாம்போடு வினைபுரிந்து இறுகும். உங்கள் மகளின் சாம்பல் வில்லையில் நடந்ததும் இதே வினைதான். சிக்கல்களும் உண்டு. பொடிக் கசடில் எரியாத கரி தங்கினால் கான்கிரீட் கெடும். நம் நாட்டு நிலக்கரியில் நூறு கிலோவுக்கு முப்பது, நாற்பது கிலோ சாம்பல். அது எளிதில் உருகாது, சுண்ணாம்புக்கல் சேர்த்து உருக்க வேண்டியிருக்கும். உருகிய கசடு உலையின் உட்செங்கல்லையே அரிக்கும். இவையெல்லாம் செராமிக் படித்தவர்கள் தீர்க்க வேண்டியவை. இந்த உலை சென்னையில் இல்லை, ஆனால் சிமென்ட், கண்ணாடி, உலைச் செங்கல் ஆலைகளுக்கும் இதே படிப்புதான் வேண்டும்.

செலவில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து அவள் படித்தது அரசுப் பள்ளியில். அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2021இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வரும். இதை விட்டுவிட்டு, அவள் ஒருமுறைகூட விருப்பம் சொல்லாத படிப்புக்குக் கடன் வாங்குவது அவளுக்குச் செய்யும் அநியாயம்.

சனிக்கிழமை மாமாவையும் அழைத்து வாருங்கள், நானே பேசுகிறேன். கலந்தாய்வு விருப்பப் பட்டியலை மகள் தன் கையால் எழுதி எடுத்து வரட்டும்.