இங்கிலாந்தின் பழைய மேனர் மாளிகைகளில் ஒன்றை மட்டும்தான் பார்க்க நேரமிருக்கிறது என்றால் எதைப் பார்ப்பீர்கள்? அனுபவம் எப்படியிருந்தது?

கென்ட் மாவட்டத்தில் செவனோக்ஸ் நகருக்கு அருகிலுள்ள இக்தம் மோட் என்ற வீட்டைத்தான் சொல்வேன். இதுவரை இரண்டு முறை சென்றிருக்கிறேன், முதலில் ஓர் அக்டோபரில், பிறகு ஒரு மே மாதத்தில். ஆங்கிலத்தில் அந்தப் பெயரை எழுதும் விதத்தைப் பார்த்து நான் இத்தனை நாளும் இக்தம் என்று சொல்லிவந்தேன். நிலையத்தில் வாடகைக் கார் ஓட்டுநர் அதைத் திருத்தி "ஐட்டம்" என்றார். அவ்வூர்க்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

மேனர் என்ற சொல் கட்டடத்தைக் குறிப்பதன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இடைக்கால இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் கீழிருந்த நிலமும், அதை உழுத குடிகளும், அவர்களது வழக்குகளைத் தீர்த்துவைத்த மன்றமும் சேர்ந்த நிலவுடைமை அலகுதான் மேனர். அதன் நடுவில் இருந்த பண்ணை வீடுதான் மேனர் மாளிகை. ஆகவே அரண்மனைக்குரிய பிரம்மாண்டத்தை அதில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பிரம்மாண்டம்தான் வேண்டுமென்றால் அதே செவனோக்ஸ் நகரில் நோல் இருக்கிறது. பேராயர் கட்டி, எட்டாம் ஹென்றி வாங்கிக்கொண்டு, பிறகு சாக்வில் குடும்பத்தின் கைக்கு வந்த அந்த மாளிகையில் ஆண்டின் நாட்களுக்கு ஈடாக 365 அறைகள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். மான்கள் மேயும் பூங்காவும் உண்டு. நான் அங்கும் போனேன். மதியத்துக்குள் கால் ஓய்ந்தது, மனத்தில் தங்கியது குறைவு.

இக்தம் மோட்டில் வரலாற்றை மாற்றிய ஒருவரும் வாழவில்லை. சுமார் 700 ஆண்டுகளாக அது பெரிய செல்வந்தர்களிடம் சிக்காமல், இடித்துவிட்டு நாகரிகமான புதுவீடு எழுப்பும் அளவுக்குப் பணமில்லாத, ஆனால் கூரை ஒழுகினால் ஒக்கிட்டுக்கொள்ளும் அளவுக்கு வசதியுள்ள குடும்பங்களிடம் கைமாறி வந்திருக்கிறது. இன்று நாம் அங்கே பார்ப்பது அந்த ஒக்கிடல்களின் அடுக்கைத்தான் என்பது என் எண்ணம்.

நுழைவுச்சீட்டு வாங்கும் இடம் மேட்டில் இருக்கிறது, வீடோ பள்ளத்தில். பாதையில் இறங்கும்போது முதலில் ஓட்டுக்கூரைகளும் புகைபோக்கிகளும் தெரிகின்றன. பிறகுதான் சாம்பல் நிறக் கென்ட் சுண்ணாம்புப் பாறைக்கல் சுவரும், அதற்குமேல் மரச்சட்டமும் சுண்ணச்சாந்துமாய் எழுந்த மேல்மாடிகளும், நான்கு பக்கமும் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கும் அகழி நீரும் கண்ணில் படுகின்றன. மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் 1640களில் நடந்த உள்நாட்டுப் போரில் இந்த வீட்டைக் கொள்ளையடிக்க வந்த நாடாளுமன்றப் படையினர் வழி தெரியாமல் வேறொரு வீட்டைக் கொள்ளையிட்டுப் போனார்கள் என்று ஒரு கதை உண்டு. அதற்குச் சான்று கேட்க வேண்டியதில்லை. அந்தப் பள்ளத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றும். அகழி என்றதும் நமக்குக் கோட்டையும் முற்றுகையும்தான் நினைவுக்கு வரும், ஆனால் இந்த அகழி எந்தப் படையையும் தடுக்கக்கூடியதன்று. இடைக்காலத்தில் ஓரளவு நிலமுடையவன் தன் தகுதியை ஊருக்குக் காட்டவும், திருடரைத் தள்ளி நிறுத்தவும், வெள்ளிக்கிழமை விரதத்துக்கு மீன் வளர்க்கவும் நீர்நிலைகளை வீட்டோடு சேர்த்து அமைத்துக்கொண்டான்.

மேற்கு வாயிலின் கோபுரத்தருகே சுவரில் ஒடுங்கிய பிளவு ஒன்று இருக்கிறது. கதவைத் திறக்குமுன் வந்தவர் யார் என்று காவல்காரர் பார்த்துக்கொள்வதற்காக விட்டது அது. அதைத் தாண்டி உள்ளே போனால் கல் பாவிய முற்றம். அங்கே எல்லோரும் படமெடுத்துக்கொள்வது பெருங்கூடத்தின் சன்னலையன்று, ஒரு நாய்க்கூண்டை. 1891இல் டைடோ என்ற செயிண்ட் பெர்னார்டு நாய்க்காகக் கட்டப்பட்ட அந்தக் கூண்டு, வீட்டைப் போலவே மரச்சட்டமும் ஓட்டுக்கூரையும் கொண்டது. ஒரு சிறு குடும்பமே குடியிருக்கலாம் போலிருக்கிறது. நாட்டின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் முதல் தரப் பட்டியலில் இதுவும் இடம்பெற்றிருக்கிறது. முற்றத்தில் நின்றிருந்த தன்னார்வலரான பெரியவர் அதைச் சொல்லும்போது நாய்க்குக் கிடைத்த கௌரவத்தில் தனக்கும் பங்குண்டு என்பதுபோல் சிரித்தார்.

பெருங்கூடம் 14ஆம் நூற்றாண்டினது. கூரையின் வளைவுகள் சுவரில் இறங்கும் இடங்களில், பாரம் தாங்கமுடியாமல் முதுகு கூனிய விகார உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். சுவர்ப்பலகைகள் 19ஆம் நூற்றாண்டில் அடித்தவை. அங்கே அதிக நேரம் செலவிடத் தேவையில்லை என்பேன்.

நிற்க வேண்டிய இடம் மாடியிலுள்ள சிற்றாலயம். எட்டாம் ஹென்றியின் அரசவை ஊழியரான ரிச்சர்டு கிளெமென்ட் 1521இல் இந்த வீட்டை வாங்கினார். கூண்டு வண்டியின் கூரைபோல் வளைந்த ஓக் மரப்பலகைக் கூரை அவர் காலத்தது. அதில் டியூடர் வம்சத்தின் ரோஜாவும், கோட்டை வாயிலின் இரும்புச் சட்டமும், ஹென்றியின் முதல் மனைவியான அரசி கேத்தரினின் பிறந்த நாடான ஸ்பெயினைக் குறிக்கும் கோட்டையும், அம்புக்கட்டும், அவருக்கே உரிய மாதுளம்பழமும் மாறிமாறித் தீட்டப்பட்டிருக்கின்றன. அரசருக்கும் அரசிக்கும் விசுவாசமானவன் நான் என்று பலகை பலகையாக எழுதிவைத்ததற்குச் சமம் அது. ஆனால் 1533இல் ஹென்றி அந்தத் திருமணமே செல்லாது என்று தள்ளிவைத்துவிட்டார். மற்ற இடங்களில் கேத்தரினின் மாதுளைகளைச் செதுக்கி எடுத்தார்கள், மறைத்துப் பூசினார்கள். இங்கோ அவை அப்படியே இருக்கின்றன. கிளெமென்ட் துணிந்து விட்டாரா, மீண்டும் செலவழிக்க மனமில்லாமல் விட்டாரா, அரசர் இந்தப் பள்ளத்துக்கு வரமாட்டார் என்ற நம்பிக்கையில் விட்டாரா என்று யோசித்துக்கொண்டே கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தேன். வண்ணம் மங்கிவிட்டது. முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் தெரியாது, கண் பழகியபின் ஒவ்வொன்றாக வெளிவரும்.

பிற்காலத்தில் வீட்டை வைத்திருந்த செல்பி குடும்பம் 1591இலிருந்து ஏறக்குறைய 300 ஆண்டுகள் இங்கிருந்தது. அவர்களுள் டோரத்தி செல்பி என்ற சீமாட்டியைப் பற்றிய கதையை எந்த வழிகாட்டியும் சொல்லாமல் விடமாட்டார். நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்க 1605இல் தீட்டிய வெடிமருந்துச் சதியை மாண்டீகிள் பிரபுவுக்கு எச்சரித்து எழுதப்பட்ட பெயரில்லாக் கடிதத்தை அனுப்பியவர் இவர்தான் என்றும், அதற்குப் பழிவாங்கச் சதிகாரர்களின் நண்பர்கள் இவரை உயிரோடு சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார்கள் என்றும், அதனால்தான் கோபுர அறையொன்று எப்போதும் குளிர்ந்திருக்கிறது என்றும் கதை போகிறது. அவர் இறந்ததோ 1641இல், சதி நடந்து 36 ஆண்டுகளுக்குப் பின். கதை பிறந்த இடம் இக்தம் ஊர்த் தேவாலயத்திலுள்ள அவரது நினைவுச்சின்னம். டோரத்தி பூத்தையலில் கைதேர்ந்தவர், அந்தச் சதியைத் துணியில் ஊசியால் சித்திரமாக்கியவர். அவரது கலை சதியை வெளிப்படுத்தியது என்று கல்வெட்டு அந்தத் திறமையைப் புகழ்ந்திருக்க, பின்னால் வந்தவர்கள் சதியையே அவர்தான் காட்டிக்கொடுத்தார் என்று படித்துவிட்டார்கள். ஒரு வினைச்சொல் ஒரு பேயைப் பெற்றெடுத்துவிட்டது. வீட்டைப் பார்த்தவர்கள் திரும்பும் வழியில் அந்தத் தேவாலயத்துக்குப் போய் அந்தக் கல்வெட்டையும் பார்க்கலாம். வீட்டின் ஆரம்பகால உடைமையாளரான சர் தாமஸ் கானின் கற்சிலையும் கவசத்தோடு அங்கேதான் படுத்திருக்கிறது.

வரவேற்பறையின் சீனச் சுவர்த்தாள், கையால் தீட்டிய பறவைகளோடு அழகாக இருக்கிறது. ஆனால் அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது 20ஆம் நூற்றாண்டின் பகுதி. 1889இல் வீட்டை வாங்கிய சர் தாமஸ் கோலியர்-பெர்கசன் வெந்நீர்க் குழாய்ச் சூடேற்றியும் குளியலறைகளும் வைத்து வீட்டை வசிக்கத் தக்கதாக்கினார், வாரத்தில் ஒரு பிற்பகல் ஊராருக்குத் திறந்தும் விட்டார். அவருடைய இளைய மகன் ரிவர்ஸ்டேல் முதல் உலகப் போரில் 1917 ஜூலை 31 அன்று ஈப்ரஸ் போர்க்களத்தில் 21 வயதில் உயிரிழந்து, பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா சிலுவை பெற்றார். தந்தையோ 1951 வரை வாழ்ந்தார். அவர் இறந்தபின் பொருட்களெல்லாம் ஏலத்தில் போயின. கூரையின் ஈயத்துக்காக வீட்டையே இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. அப்போது அப்பகுதியைச் சேர்ந்த மூவர், வேறு யாராவது வந்து காப்பாற்றும்வரை இருக்கட்டும் என்று தம் பணத்தைப் போட்டு வாங்கிவைத்தார்கள். அப்படி 1953இல் வந்தவர் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த சார்லஸ் ஹென்றி ராபின்சன். இளம்வயதில் மிதிவண்டியில் கென்ட் பக்கம் சுற்றியபோது பார்த்த வீடு விற்பனைக்கு வந்திருப்பதை ஒரு பத்திரிகை விளம்பரத்தில் கண்டு வந்தவர் அவர். விலை பேசிவிட்டுக் கப்பலில் ஊர் திரும்பும்போது மனம் மாறி, வேண்டாம் என்று கடிதம் எழுதியவர் அதைத் தபாலில் சேர்க்காமலே விட்டுவிட்டாராம்.

1985இல் ராபின்சன் இறந்ததும் வீடு பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டிடம் வந்தது. 1989இல் தொடங்கிய பழுதுபார்ப்பு முடிய 2004 ஆகிவிட்டது, செலவும் ஒரு கோடிப் பவுண்டைத் தாண்டியது. வண்டு அரித்த உத்தரங்களைக் கழற்றி எண்ணிட்டு, கெட்ட பகுதியை மட்டும் அறுத்தெடுத்துப் புதுமரம் பொருத்தி, மீண்டும் அதே இடத்தில் ஏற்றினார்கள். ஒக்கிட்ட இடத்தை மறைக்க முயலாததால், பழைய ஓக்கின் கருமையும் புது ஓக்கின் வெளிறிய நிறமும் அருகருகே தெரிகின்றன. வீட்டை ஏதோ ஒரு நூற்றாண்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகாமல், ராபின்சன் வாழ்ந்த நூலக அறையையும் அவருடைய சோபாக்களோடு விட்டுவைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. மாதுளைக் கூரையைப் பார்த்துவிட்டு அந்த அறைக்குள் நுழையும்போது, வீட்டுக்காரர் இப்போதுதான் எழுந்து வெளியே போயிருக்கிறார் என்று தோன்றுகிறது.

வெளியே வந்தால் வடக்கே நீண்டு கிடக்கும் புல்வெளி ஒரு காலத்தில் மீன்குளமாக இருந்தது. மேட்டிலிருந்து வரும் ஓடைதான் ஏரியையும் அகழியையும் நிரப்புகிறது. நீரின் சத்தத்தைத் தொடர்ந்து நடந்தாலே தோட்டத்தைச் சுற்றிவந்துவிடலாம். 1880களின் இறுதியில் அமெரிக்க ரயில்பாதை அதிபர் வில்லியம் பாமரின் குடும்பம் இங்கே வாடகைக்கு இருந்தபோது விருந்தினராக வந்த ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட், அந்தப் புல்வெளியில் உருட்டுபந்து ஆடியவர்களை 1889இல் வரைந்தார். தோட்டத்துக்கு அப்பாலுள்ள காட்டில் மே மாதத் தொடக்கத்தில் போனால் புளூபெல் பூத்துத் தரை நீலமாக இருக்கும். அக்டோபரில் போனபோது சேறுதான் இருந்தது, ஆனால் கூட்டமில்லை, சிற்றாலயத்தில் இருபது நிமிடம் தனியாக நிற்க முடிந்தது.

லண்டனிலிருந்து செவனோக்ஸுக்கு விரைவு ரயிலில் அரைமணி நேரமே ஆகும். அங்கிருந்து வீடு ஆறு மைல் அளவில் இருப்பதால், திரும்புவதற்கான வாடகைக் காரை இறங்கும்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை நான் அதைச் செய்யாமல் மாலையில் இருட்டிய கிராமச் சாலையில் வெகுதூரம் நடக்க நேர்ந்தது. முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள், மறுக்காமல் செய்யுங்கள், படிகள் அத்தனை குறுகல். திறந்தவுடன் போய் நேராகச் சிற்றாலயத்துக்கு ஏறிவிட்டு, மற்ற அறைகளைப் பிறகு பாருங்கள். புறப்படுமுன் நிலவறையின் வாயிலருகே சுவரைக் கவனியுங்கள். ராபின்சனின் சாம்பலை அங்கே சுவருக்குள் வைத்திருக்கிறார்கள்.