கோழிக்கோட்டு அரசரான சாமூதிரியின் கடற்படைத் தலைவராகப் போர்ச்சுகீசியரை எதிர்த்த குஞ்ஞாலி மரைக்காயர் எங்கள் முன்னோர் என்று வீட்டில் சொல்கிறார்கள். இதை எப்படி உறுதி செய்வது?

நான் அதை உறுதி செய்யக் கிளம்பியதில், என் சொந்தத் தாய்மாமா இரண்டு வருஷம் என்னோடு பேசாமல் இருந்தார். அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

நான் கீழக்கரைக்காரன். நீங்களும் காயல்பட்டினம், தொண்டி, அதிராம்பட்டினம், நாகூர் என்று ஏதோ ஒரு கடற்கரை ஊர்ப் பிள்ளையாகத்தான் இருப்பீர்கள். கல்யாண வீட்டில் சாப்பாடு முடிந்து பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்ததும் "நாம யாரு தெரியுமா" என்று ஆரம்பித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குச் சாட்சியாக ஒரு கத்தியே இருந்தது.

முழங்கை நீளம், பித்தளைப் பிடி. பச்சைத் துணியில் சுற்றி மாமாவின் அலமாரியில் இருக்கும், பெருநாள் அன்று மட்டும் வெளியே வரும். பிள்ளைகள் ஒரு விரலால் தொட்டுக்கொள்ளலாம். "பறங்கியை வெட்டுன கத்தி, குஞ்ஞாலி கையில இருந்தது" என்பார் மாமா. ஒரு பெருநாளுக்கு அதற்குத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கும் வேலை எனக்கு வந்தது. பிடிக்குச் சற்றுக் கீழே துரு விலகிய இடத்தில் பொடிப்பொடியாக இங்கிலீஷ் எழுத்து தெரிந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்தேன். ஷெஃபீல்டு, இங்கிலாந்தில் கத்திக்குப் பேர்போன ஊர்.

அந்தப் பட்டத்தைத் தாங்கியவர்களில் கடைசியானவர், நான்காம் குஞ்ஞாலி, போர்ச்சுகீசியரிடம் சரணடைந்தது 1600 மார்ச் மாதம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு லண்டனில் பட்டயம் கிடைத்ததே அந்த வருஷம் டிசம்பர் 31. பறங்கியை, அதாவது போர்ச்சுகீசியரை, எதிர்த்த குஞ்ஞாலி கைக்கு ஷெஃபீல்டு கத்தி எப்படி வந்திருக்கும்? இதை எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது சொல்லிவிட்டேன். மாமா கத்தியை வாங்கி, துணியைச் சுற்றி, "அப்ப எங்க வாப்பா பொய்யா சொன்னாரு?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் அந்த முகம் கண்ணுக்குள் நிற்கிறது.

பிறகு நானே தேட ஆரம்பித்தேன். கோழிக்கோடு மாவட்டத்தில் வடகரைக்குப் பக்கத்தில் இருக்கும் இரிங்ஙல் கோட்டக்கல் வரைக்கும் போனேன். குஞ்ஞாலி வீட்டை ஒட்டிய அருங்காட்சியகத்தில் பழைய வாள்கள், பீரங்கிக் குண்டுகள் வைத்திருக்கிறார்கள். அங்கே நின்றபோதுதான் அந்த மனிதனின் முடிவு உறைத்தது. சாமூதிரியை நம்பிச் சரணடைந்தவரைப் போர்ச்சுகீசியர் கோவாவுக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். அந்தத் தலையை உப்புப் போட்டுக் கண்ணூரில் பார்வைக்கு வைத்தார்கள்.

"குஞ்ஞாலி மலையாளத்துக்காரர், உங்களுக்கு என்ன சம்பந்தம்" என்று யாராவது கீழே கமெண்டில் வந்து கேட்பார்கள், தெரியும். முதலில், குஞ்ஞாலி என்பது ஒரு ஆளின் பெயர் இல்லை, சாமூதிரி தன் கடற்படைத் தலைவர்களுக்குக் கொடுத்த பட்டம். அதைத் தாங்கியவர்கள் நான்கு பேர். இரண்டாவது, 1538-ல் மரைக்காயர்களின் கப்பற்படை போர்ச்சுகீசியரிடம் பெரிய தோல்வி கண்ட இடம் மலபாரில் இல்லை. எங்கள் ஊருக்குக் கிழக்கே, மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேதாளை. இலங்கையில் சீதாவாக்கை அரசர் மாயாதுன்னைக்கு உதவப் போன படை அது. எதிரே வந்தவர் போர்ச்சுகீசியக் கடற்படைத் தலைவர் மார்ட்டின் அஃபோன்சோ டி சோசா.

இதைப் படித்த அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. காரணம், என் உம்மாவின் உம்மா கோட்டக்கல் என்ற பெயரைச் சொன்னதே இல்லை. பள்ளிக்கூடம் போகாதவர், அரபு எழுத்தில் எழுதும் தமிழான அரபுத்தமிழ் மட்டும் வாசிப்பார். அவர் சொன்னதெல்லாம், "வேதாளையில நம்ம ஆளுவொ கப்பல் போச்சு, மிச்சப்பட்டவொ கரையோட நடந்து வந்தாவொ" என்பதுதான். நாங்கள் சிறுவயதில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கத்திதான் எங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

இது வம்சாவளிக்கு ஆதாரம் என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் வீட்டில் பெயரோடு தெரிவது ஆறு தலைமுறை. தலைமுறைக்கு 25 வருஷம் என்று வைத்தால் 1600-க்குப் போக 17 தலைமுறை வேண்டும். ஆளுக்குத் தாய் தகப்பன் இருவர் என்று பெருக்கிக்கொண்டே போனால் அந்தப் படியில் 1,31,072 இடம் வருகிறது. சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொடுத்த ஊர்களில் ஒரே ஆள் பல இடத்தில் உட்கார்ந்திருப்பார். அந்தப் படையில் தப்பியவர் எவரேனும் இந்தக் கரையில் பிள்ளை பெற்றிருந்தால், பாதி ஊர் அவர் பிள்ளைகளாக இருக்கலாம். "எங்க வீடு மட்டும்தான்" என்று சொல்வதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

இன்னொன்று. எல்லோரும் வாப்பா, வாப்பாவின் வாப்பா என்று ஆண் வழியில் ஏறிப் பார்க்கிறீர்கள். மூன்றாம் குஞ்ஞாலிக்குப் பிறகு 1595-ல் பொறுப்புக்கு வந்தவர் அவருடைய மருமகன், அதாவது சகோதரி மகன், மகன் இல்லை. எங்கள் ஊரிலும் வீடு பெண்பிள்ளைக்குத்தான், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண் வழியில் தேடாமல் என்ன கிடைக்கும்?

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. என் பிறப்புச் சான்றிதழில் மரக்காயர், ரேஷன் அட்டையில் மரைக்காயர், பாஸ்போர்ட்டில் மரிக்கார். ஒரு அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர், "இது சாதியா, பேரா, ஏதாவது ஒண்ணை எடுத்துடுங்க" என்றார். நானூறு வருஷம் கடலில் இருந்த பெயரை எதற்கு எடுக்கவேண்டும்? அஃபிடவிட் போட்டு, பதினோரு மாதம் அலைந்து, மூன்றிலும் மரைக்காயர் என்றே போடவைத்தேன்.

உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். வீட்டில் வயதான பெண்கள் இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். குஞ்ஞாலி பெயரை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். எந்த ஊர், எந்தக் கரை, யார் வீட்டில் வந்து இறங்கினார்கள் என்று மட்டும் கேளுங்கள். போனில் பதிவு செய்யுங்கள். என் பாட்டியின் குரல் என்னிடம் இல்லை.