தீக்கடைகோல், வளரி, வழிதவறிய காடு: வாசகர் கேள்விகள்

கே: வில்லால் கோலைக் கடைந்து தீ உண்டாக்க ஒரு மாதமாக முயல்கிறேன். புகை வருகிறது, கங்கு விழுவதில்லை. தோள்வலிதான் மிச்சம். எங்கே தவறு?

ப: புகை வருகிறதென்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். எனக்கு முதல் கங்கு விழுவதற்குள் மூன்று கோல்கள் தேய்ந்து போயின. கட்டை கெட்டியாக இருந்தால் சூடு அதிகம் வரும் என்று நான் போட்ட தப்புக் கணக்குதான் காரணம். வில்லின் கயிறு சுற்றிச் சுழலும் கோலும், அதன் கீழ்முனை குழியில் நின்று கடையும் பலகையும் நன்றாகக் காய்ந்த, லேசான கட்டையாக இருக்க வேண்டும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் பதிந்தால் சரி. பதியாவிட்டால் விறகுக்குப் போடுங்கள். தரையில் கிடந்து ஈரம் குடித்ததும் வேண்டாம். மரத்திலேயே பட்டுப்போய் நிற்கும் கிளை நல்லது.

பலகையின் விளிம்பிலிருந்து குழிக்குள் ஒரு வெட்டு போட்டீர்களா? பலர் கோட்டை விடுவது இங்கேதான். வட்டத்தை எட்டாகப் பங்கிட்டு ஒரு துண்டை எடுத்தது போல, அதன் கூர் முனை குழியின் நடுவைத் தொடுகிற அளவுக்கு வெட்ட வேண்டும். உதிரும் தூள் அதில் குவிந்து, தன் சூட்டிலேயே கனியும். வெட்டு இல்லையென்றால் தூள் சுற்றிலும் சிதறி, நீங்கள் சொல்கிற கதைதான்.

அப்புறம் தூளைப் பாருங்கள். வெளிர் பழுப்பில் பஞ்சு போல வந்தால் அழுத்தமோ வேகமோ போதவில்லை. கறுத்து, நைசாக வர வேண்டும். தொடக்கத்தில் நிதானமாக, வில்லின் முழு நீளத்துக்கும் இழுங்கள்; வெட்டு நிரம்பிய பிறகுதான் வேகம். (புகையைக் கண்டதும் பாய்ந்து, தூள் சேரும் நேரத்தில் மூச்சிரைத்து உட்கார்ந்தவன் நான்.) கோலை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் கட்டைக்குள் சுழலும் முனையில் துளி எண்ணெய் தடவினால் தோள் தப்பிக்கும். கீழ்முனையில் மட்டும் பட்டுவிடக் கூடாது.

கோலை எடுத்த பிறகும் தூளிலிருந்து தனியாக ஒரு புகையிழை எழுந்தால் கங்கு பிடித்துவிட்டது. உடனே ஊதாதீர்கள், சிதறிவிடும். கையால் லேசாக விசிறி, கொஞ்சம் இறுகவிட்டு, பறவைக்கூடு போலச் சுருட்டிய உலர்ந்த நாருக்கு மாற்றி ஊதுங்கள்.

கே: வளரி என்கிற வளைந்த எறிகோல் எறிந்தவரிடமே திரும்பி வருமாமே, உண்மையா?

ப: வேட்டைக்கு எறிந்த கோல் திரும்பி வந்தால் குறி தப்பிவிட்டது என்றல்லவா அர்த்தம்! இலக்கில் போய் இறங்குவதுதான் வளரியின் வேலை. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் வேட்டைக் கோல்களும் கனமானவை, திரும்பாதவை. திரும்புகிற பூமராங் லேசான வகை. விளையாட்டுக்கும், பறவைக் கூட்டத்தை வலைப் பக்கம் விரட்டவும் வைத்திருந்தார்கள். எகிப்தில் துட்டன்காமன் என்ற பழங்கால மன்னனின் கல்லறையிலும் வளைந்த எறிகோல்கள் கிடைத்திருக்கின்றன. அதனால் யாரைப் பார்த்து யார் செய்தார்கள் என்ற சண்டை எனக்கு அலுத்துவிட்டது.

வளரியின் ஒரு முனை கனம், மறுமுனை மெலிவு. மெலிந்த பக்கம் பிடித்துச் சுழற்றி வீச வேண்டும். சிவகங்கையின் சின்ன மருது தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்ததாக ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1830இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். தேர்ந்த கையில் 100 கஜத்துக்குள் அது குறி தப்பாது என்கிறார். 1801 போரில் அதே மருதுவுக்கு எதிரான படையில் இருந்தவரும் அவர்தான். நீங்கள் பழகுவதென்றால் வைக்கோல் பொம்மை போதும். முயலைத் தேடிப் போகாதீர்கள், 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது.

கே: காட்டில் வழி தவறினால் பாசி படர்ந்த பக்கத்தை வைத்துத் திசை கண்டுபிடிக்கலாமா?

ப: வேண்டாம். ஈரமும் நிழலும் இருக்கிற எல்லாப் பக்கமும் பாசி படரும். நடக்காமல் ஓரிடத்தில் இருங்கள், தேடி வருபவருக்கு அதுதான் வசதி. இருட்டுவதற்குள் காய்ந்த சருகை முழங்கால் உயரத்துக்குக் குவித்து மேலே படுங்கள். உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிவிடும். ஓடை நீர் கண்ணாடி போலத் தெளிந்திருந்தாலும், கொதி வந்த பின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டே குடியுங்கள்.

கே: தீப்பெட்டி இல்லாத காலத்தில் தினமும் இப்படியா கடைந்துகொண்டிருந்தார்கள்?

ப: எதற்கு? இருக்கிற நெருப்பை அணையாமல் பார்த்துக்கொண்டால் போதுமே. ஆல்ப்ஸ் மலையின் பனியில் 1991இல் ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. இறந்து சுமார் 5,300 ஆண்டுகள் ஆகியிருந்தன. மரப்பட்டையைத் தைத்துச் செய்த ஒரு டப்பா அவனிடம் இருந்தது. உள்ளே மேப்பிள் இலைகளில் பொதிந்த கரித்துண்டுகள். புறப்படும்போது அடுப்பிலிருந்து எடுத்த கங்காகத்தான் இருக்க வேண்டும். பச்சை இலையில் சுற்றினால் எளிதில் அணையாது, டப்பாவையும் சுடாது. அணைந்தாலும் கவலையில்லை, தீப்பொறியைப் பிடிக்கும் காளானும் அவன் இடுப்புப் பையில் இருந்தது.