சீர் வேறு, பங்கு வேறு

கேள்வி: அக்காவுக்கு 1996இல் நாற்பது பவுன் போட்டு, சீர் செனத்தி குறைவில்லாமல் செய்துதான் கட்டிக்கொடுத்தோம். அப்பா, அம்மா இருவரும் போன பிறகு இப்போது பூர்வீகத் தோட்டத்தில் பங்கு வேண்டும் என்கிறார். கடைசிவரை அவர்களைப் பார்த்துக்கொண்டது நான். ஆணும் பெண்ணும் சமம்தான். ஆனால் சமம் வேறு, நியாயம் வேறு இல்லையா?
(வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று பெரியாரின் சுயமரியாதை மாநாடு செங்கல்பட்டில் தீர்மானம் போட்டது 1929இல். தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989இல். உங்கள் அக்கா கல்யாணம் அதற்கும் ஏழு வருஷம் கழித்து. போதாததற்கு 2020இல் உச்ச நீதிமன்றம், அது பிறப்பால் வரும் உரிமை என்றே முடித்துவைத்தது. ஈரோட்டிலிருந்து கோபிக்கு இவ்வளவு தூரமா?

சரி, நீங்கள் கேட்டது சட்டத்தை அல்ல, நியாயத்தை. கல்யாணத்தன்று யாராவது 'வரதட்சணையா?' என்று கேட்டிருந்தால், 'சேச்சே, எங்கள் பெண்ணுக்கு ஆசையாகப் போடுகிறோம்' என்றிருப்பீர்கள். ஆசையாகப் போட்டது எப்போது பங்காக மாறியது? பங்குதான் என்றால், அன்றைக்கே தோட்டத்துக்கு விலை போட்டு அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டாமா? உங்கள் படிப்புக்கும் போர்வெல்லுக்கும் அப்பா செலவழித்ததை உங்கள் பங்கில் கழிப்பீர்களா? அப்புறம், கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் மனைவி கொண்டுவந்த பவுன் எங்கே? நம் பக்கம் பல வீடுகளில் அது மாப்பிள்ளையின் தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் அடமானமாகப் போனதுதான். அக்காவின் நாற்பது பவுன் மட்டும் அவர் கழுத்திலேயே இருக்கிறதா?

பெற்றோரைப் பார்த்துக்கொண்டதாகச் சொல்கிறீர்களே, அதை மட்டும் நான் தள்ளமாட்டேன். சரிபாதியாக வெட்டினால் நியாயமாகிவிடும் என்று இல்லை. பாடுபட்டவருக்குக் கூடுதலாகச் சேரத்தான் வேண்டும். ஆனால் படுக்கையில் கிடந்தவர்களுக்குக் கஞ்சி கொடுத்ததும் துணி மாற்றியதும் யார்? உங்கள் மனைவி என்றால் (பெரும்பாலும் அப்படித்தான்), அந்தக் கூடுதல் அவருடையது. அவரும் தன் பிறந்த வீட்டில், பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தவராகத்தான் இருப்பார்.

ஆகவே அக்காவிடம் போய்ப் பேசுங்கள். 'பாதிக்கு மேல் ஒரு அரை ஏக்கர் விடு, அதை உன் தம்பி பொண்டாட்டி பேரில் எழுதிவைக்கிறேன்' என்று கேளுங்கள். அக்கா மறுக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். உங்களைத்தான் தெரியவில்லை.