காவடி எழும் கணமும் பையான்கே திரும்பும் கணமும்: படம் தவறாமல் இருக்க என்ன செய்யலாம்?

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "சென்ற தைப்பூசத்தில் என் தம்பி முதன்முறையாகக் காவடி எடுத்தான். நான் எடுத்த படங்களில் பாதி மங்கலாக இருக்கின்றன. மீதிப் படங்கள் காட்சி முடிந்த பிறகு விழுந்தவை. அதே கேமராவோடு பிளாக் ரிவர் கோர்ஜஸ் காட்சிமுனைக்குப் போனால், பையான்கே என்ற நீள்வால் வெள்ளைப் பறவை கடந்துபோன வெறும் வானம்தான் கிடைக்கிறது. என்னிடம் இருப்பது ஆரம்பநிலை கேமராவும் 18-55 மி.மீ., 70-300 மி.மீ. லென்ஸ்களும். வேகமான கேமரா வாங்கினால் சரியாகிவிடுமா?"

வாங்க வேண்டாம். ஒரு காட்சியைக் கண்டு விரல் பொத்தானை அழுத்துவதற்குச் சுமார் 0.2 நொடி ஆகிறது; எந்தக் கேமரா வாங்கினாலும் இந்தத் தாமதம் நம் உடம்போடு வருவது. பையான்கே நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறப்பதாக வைத்துக்கொண்டால், அந்த 0.2 நொடியில் அது 2 மீட்டர் போய்விடும். உங்கள் 70-300 லென்ஸை முழுவதும் நீட்டி 40 மீட்டர் தொலைவில் குறிவைத்தால், கேமரா காணும் அகலமே ஏறத்தாழ 3 மீட்டர்தான். அதாவது, பறவையைப் பார்த்து மகிழ்ந்து அழுத்துவதற்குள் அது படச்சட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கைக் கடந்திருக்கும். தொடர்ச்சியாகப் படமெடுக்கும் வசதி ஓரளவு உதவும். ஆனால் நொடிக்கு 5 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே பறவை மீண்டும் 2 மீட்டர் நகர்ந்துவிடுகிறது. ஆகவே கணம் வந்த பிறகு அதைத் துரத்துவதை விட்டுவிட்டு, அது எங்கே, எதற்குப் பின் வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு அங்கே காத்திருப்பதுதான் வழி.

காவடியை எடுத்துக்கொள்வோம். நம் வீட்டு வழக்கம் என்பதால், வரிசையாக என்ன நடக்கும் என்பது வெளியூர்ப் படக்காரரைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். ஆற்றங்கரையில் பூசை, அலகு குத்துதல், காவடியைத் தோளில் ஏற்றுதல், வழியில் வீடுகளின் முன் நிற்றல், கோவில் வாசல் என்று எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. காவடி ஏறும் நேரத்தை மட்டும் அருகில் நின்று கவனியுங்கள். எடுப்பவர் முழங்காலை மடித்துக் குனிகிறார். உறவினர் இருவர் இரு பக்கமும் பிடித்துக்கொள்கிறார்கள். பூவும் ஓலையும் முகத்தை மறைக்கின்றன. எழும்போது முதலில் மோவாய் உயர்கிறது, பிறகு தோள், அதன் பிறகுதான் முழங்கால் நிமிர்கிறது. மோவாய் உயரும்போது அழுத்தத் தொடங்கினால் பூக்களுக்கு நடுவிலிருந்து முகம் வெளிப்படும் கணம் உங்கள் கையில். முகத்தைக் கண்ட பிறகு அழுத்தினால், உதவிக்கு வந்த மாமாவின் முதுகுதான் கிடைக்கும். அலகு குத்தும்போதும் அப்படியே: குத்துபவர் திருநீற்றைத் தடவியதும் பக்தரின் தாடை இறுகும், இமைகள் மூடும். என்னைக் கேட்டால், அலகு நுழையும் காட்சியைவிட அந்த இறுக்கமே சிறந்த படம்.

மங்கலுக்குக் காரணம் ஷட்டர் வேகம், அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம். தானியங்கி முறையில் விட்டால், காவடியின் நிழலில் இருக்கும் முகத்துக்காகக் கேமரா 1/60 நொடி வரை இறங்கிவிடும். ஷட்டரை 1/500-இல் நிறுத்தி, ஐஎஸ்ஓவை (ஒளியை உணரும் திறனின் அளவை) தானியங்கியாக விட்டுவிடுங்கள். ஐஎஸ்ஓ ஏறுவதால் வரும் துகள்களைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம்; அசைந்து மங்கிய முகத்தைத் திருத்த முடியாது. நேரமும் முக்கியம். மொரீஷியஸ் தென் அட்சரேகை 20 பாகையில் இருப்பதால், தைப்பூசம் வரும் சனவரி, பிப்ரவரி மாதங்களில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நம் உச்சந்தலைக்கு மேலேயே நிற்கிறது, கண்குழிகள் கறுத்துவிடும். காலை 9 மணிக்கு முன்பே ஆற்றங்கரையில் இருங்கள். கோர் தெ கார்ட் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோவிலில் காலை வெயில் குவாத்ர் போர்ன் நகரப் பக்கமிருந்து வரும்; மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். நண்பகலில்தான் முடியும் என்றால், சாலையில் தண்ணீர் ஊற்றியிருக்கும் இடத்தில் தாழ உட்கார்ந்து, ஈரத்தின் பளபளப்பையும் பாதங்களையும் எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், அருள் வந்திருப்பவரின் கண்ணில் அது அடிப்பதை ஊரும் விரும்பாது. கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்புவதற்கு முன் கோவிலாரிடம் கேட்டுவிடுங்கள்.

இனி பையான்கே. ஏர் மொரீஷியஸ் விமானத்தின் வாலில் நாம் பார்க்கும் அதே நீள்வால் வெள்ளைப் பறவைதான். கால்கள் வலுவற்றவை என்பதால் தரையில் நடக்கத் தடுமாறும். பாறைச் சுவரின் பொந்தில் இறங்குவதற்கு முன் அதே பாதையில் பலமுறை வட்டமிட்டுப் பார்க்கும். முதல் சுற்றில் படமே எடுக்காதீர்கள். எந்த வளைவில் திரும்புகிறது, எங்கே சிறகை விரித்து மிதக்கிறது என்று மட்டும் பாருங்கள். அடுத்த சுற்றில் அந்த வளைவுக்கு முன்பே லென்ஸை அதன்மேல் வைத்து, நகரும் பறவையை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸில் அதனுடனேயே திரும்பி, திருப்பத்துக்குச் சற்று முன் அழுத்தத் தொடங்குங்கள். திரும்பும்போது சிறகும் வாலும் முழுதாகத் தெரியும்.

இந்தப் பறவையில் இன்னொரு சிக்கல் உண்டு. காட்சிமுனையிலிருந்து கீழே பார்க்கும்போது அதன் பின்னணி கரும்பச்சைக் காடு. கேமரா காட்டை அளந்து வெளிச்சத்தைக் கூட்டுவதால் வெள்ளை இறகு வெளுத்துப்போகிறது. பறவை தொடுவானத்துக்கு மேலே ஏறியதும், பிரகாசமான வானத்தை அளந்து பறவையைக் கறுப்பாக்கிவிடுகிறது. பறவையின்மேல் விழும் வெயிலோ மாறவே இல்லை. எனவே அளவுகளை நீங்களே கையால் பூட்டிவிடுங்கள்: நல்ல வெயிலில் ஷட்டர் 1/2000, லென்ஸ் துளை எஃப் 8, ஐஎஸ்ஓ 400 போதும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகும் பறவை 1/2000 நொடியில் அரை சென்டிமீட்டர்தான் நகரும். மேகம் மூடினால் ஐஎஸ்ஓவை மட்டும் 1600-க்கு ஏற்றுங்கள்.

காத்திருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 1974-இல் நம் மொரீஷியஸ் வல்லூறு காட்டில் நான்கே நான்கு என்று அறியப்பட்ட நிலையிலிருந்துதான் மீட்கப்பட்டது. எந்தப் பறவையானாலும், கூட்டுப் பொந்தருகே நிழலாடினால் தாய்ப்பறவை உணவோடு திரும்பிப் போய்விடும். கூடு தெரிந்தால் படத்தை விட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கைப்பேசியே போதுமா என்ற கேள்வியும் உங்களுக்கு எழலாம். காவடிக்குப் போதும், தொடர்ந்து படமெடுக்கும் பர்ஸ்ட் முறையில் வைத்து மோவாய் உயரும்போதே தொடங்குங்கள். பையான்கேக்கு 70-300 லென்ஸ்தான். தைப்பூசம் வரை உங்கள் வீட்டு மாடியில் புறாக்களை எடுத்துப் பழகுங்கள்: எழுவதற்கு முன் அவை உடலைத் தாழ்த்தும். அந்தத் தாழ்வைக் கண்டதும் விரல் அழுந்தும் அளவுக்குக் கை பழகிவிட்டால், ஆற்றங்கரையில் தம்பியின் முகத்துக்குக் கேமராவைத் தூக்கலாம்.